அந்தத் தெருவில் மரம் இல்லை

ஜனவரி 8

மரியாதைக்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். நீங்கள் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்ததை மருமகள் சொன்னாள். ரயிலில் கீழ்ப்படுக்கை கிடைத்ததா, முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்பதையெல்லாம் அவள் சொல்லவில்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். போனில் கேட்கலாம்தான். ஆனால் நாம் இரண்டு பேரும் போனில் பேசினால் "நல்லா இருக்கீங்களா", "நல்லா இருக்கேன்", "இதோ பொண்ணுகிட்ட குடுக்கறேன்" என்று ஒன்றரை நிமிஷத்தில் முடிந்துபோகிறது. பக்கத்தில் நின்று வேறு கேட்கிறார்கள்.

நீங்கள் இருந்த ஒரு மாதமும் வீடு கலகலவென்று இருந்தது. குண்டூசி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உங்கள் அறைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் காலணியைக் கழற்றுகிறாள். நான் வைத்த பெயர் வீண்போகவில்லை. ஆறு வயதில் இவ்வளவு ஒல்லியாக, இவ்வளவு கூர்மையாக ஒரு பேத்தி யாருக்கு வாய்க்கும்? நேற்று மேல்வரிசையில் இன்னொரு பல் விழுந்தது. நீங்கள் பார்க்கும்வரை யாரும் தொடக்கூடாது என்று காகிதத்தில் மடித்து என் மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறாள்.

எனக்கு ஒரு சின்ன மனக்குறை உண்டு. கடைசி வாரம் முழுக்க நீங்கள் அவளை நடத்தியே பள்ளிக்குக் கூட்டிப்போனீர்கள். "நடந்தா காலுக்கு நல்லது" என்றீர்கள். முழங்கால் வலிக்காரர் இருபத்தைந்து நிமிஷம் நடப்பது எந்தக் காலுக்கு நல்லது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. என் காருக்கு ரோஷம் வந்துவிட்டது. பத்தொன்பது வருஷமாக யாரிடமும் ஒரு புகார் வாங்காத வண்டி அது.

எங்கள் உபசரிப்பில் ஏதாவது குறை இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். எனக்கு இருமல் விட்டுவிட்டது.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
சம்பந்தி


ஜனவரி 19

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். கீழ்ப்படுக்கை கிடைத்தது. முழங்கால் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. உபசரிப்பில் குறை என்று எழுதினால் என் கை அழுகிப்போகும். காலையில் எனக்கு முன்னால் எழுந்து எனக்குக் காப்பி போட்டு வைத்த சம்பந்தி வேறு யாருக்கு இருக்கிறார்?

வந்த மறுநாளே அச்சகத்தில் கூப்பிட்டுவிட்டார்கள். ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகம். விடைப் பக்கத்தில் மட்டும் பதினான்கு பிழை. நாற்பது வருஷம் பிழை திருத்திய பழக்கம், உங்கள் கடிதத்தைப் படிக்கும்போதும் சிவப்புப் பேனாவைத் தேடினேன். இரண்டு ஒற்றுப்பிழைதான். மன்னித்து விட்டுவிட்டேன்.

குழந்தைகளை ஏற்றிப்போகும் பள்ளி வேன் உங்கள் தெருமுனை வரைக்கும் வருகிறது என்று பார்த்தேன். குண்டூசிக்கும் கூட்டாளிகளோடு போனால் குஷியாக இருக்குமே? உங்களுக்கும் காலையில் அவசரமில்லாமல் இருக்கும். யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. சாப்பிடும்போது இடது பக்கம் வைத்த தண்ணீர் டம்ளரை இரண்டு மூன்று தடவை தட்டிவிட்டீர்கள். கண் டாக்டரைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

அன்புடன்,
சம்பந்தி


பிப்ரவரி 6

மரியாதைக்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா? விடாமல் கொடுக்க வேண்டும்.

என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. போன வருஷம்தான் கண்ணாடி மாற்றினேன். மருந்துச் சீட்டின் பின்பக்கத்து எறும்பெழுத்தைக்கூடப் படித்துவிடுவேன். முப்பத்தைந்து வருஷம் நில அளவைத் துறையில் தொலைநோக்கிக் கருவிக்குப் பின்னால் நின்றவன். அரை மைல் தள்ளி நட்ட குச்சி ஒரு விரற்கடை சாய்ந்திருந்தாலும் சொல்லிவிடுவேன். டம்ளர் விஷயம் கவனக்குறைவு. உங்கள் கதையைக் கேட்கும் சுவாரசியத்தில் தட்டியிருப்பேன்.

வேன் வேண்டாம். அதில் இருபது பிள்ளைகளைத் திணிக்கிறார்கள். தவிர, காலையில் அந்தப் பதினைந்து நிமிஷம்தான் அவள் எனக்கே எனக்கென்று கிடைக்கிறாள்.

இப்போது ஒரு வேடிக்கை நடந்திருக்கிறது. ஓட்டுநர் உரிம அலுவலகத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்திருக்கிறது. மருத்துவமனையில் ஒரு பிரிவு இருக்கிறதாம், வயதானவர்கள் பாதுகாப்பாக வண்டி ஓட்டுவார்களா என்று சோதிக்க. அங்கே மார்ச் முதல் வாரம் நான் ஆஜராக வேண்டும். எழுபத்துமூன்று வயசு ஆகிவிட்டதல்லவா, எல்லோருக்கும் வரும் போலிருக்கிறது என்று நினைத்தேன். எதிர்வீட்டுப் பல் டாக்டரிடம் போய்க் கேட்டேன். அவருக்கு எழுபத்தாறு. "எனக்கு ஒண்ணும் வரலையே" என்றார். திரும்பி வந்து கடிதத்தை மறுபடி படித்தேன். 'கிடைத்த தகவலின் அடிப்படையில்' என்று ஒரு வரி இருக்கிறது.

யார் கொடுத்த தகவல்? எனக்கு யாருடனும் பகை கிடையாது. நீங்கள் வரிக்கு வரி படிப்பவர். அந்த வாசகத்துக்கு வேறு ஏதாவது பொருள் உண்டா?

சம்பந்தி


பிப்ரவரி 15

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அலுவலகக் கடிதங்களில் அந்த மாதிரி வாசகம் வருவதுதான். அதை மனசில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கூப்பிட்டிருக்கிறார்கள், போய் வாருங்கள். சோதனையில் ஒன்றும் இல்லையென்றால் நிம்மதி.

ஒரே ஒரு வேண்டுதல். நான் உங்களிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. சோதனை முடியும்வரை குண்டூசி வேனில் போகட்டும். காரணம் கேட்காதீர்கள். அம்மாவைப் பெற்றவளின் அசட்டு ஆசை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை நெருக்கடி. அதனால் சுருக்கமாக முடிக்கிறேன்.

சம்பந்தி


மார்ச் 11

மரியாதைக்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். நீங்கள் கேட்டுக்கொண்டபடி பிப்ரவரி இருபதிலிருந்து குழந்தை வேனில்தான் போகிறாள். நீங்கள் வாய்திறந்து கேட்ட ஒன்றை மறுக்க எனக்கு மனசு வரவில்லை. முதல் இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் ஜன்னலோரம் பிடித்துக்கொண்டு எனக்குக் கைகூட ஆட்டவில்லை.

சோதனைக்குப் போய் வந்தேன். மருத்துவமனையின் இரண்டாவது மாடியில் நீளமான அறை. பரிசோதகர் நம் மருமகளைவிட இரண்டு மூன்று வயசு சின்னப் பெண்ணாக இருப்பார். முதலில் ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். பதினொன்று பத்து காட்ட வேண்டும். "ரோமன் எண்ணு போடவா, சாதா எண்ணு போடவா?" என்று கேட்டேன். சிரித்தார். பிறகு ஒரு தாளில் எண்களும் எழுத்துகளும் இறைந்து கிடந்தன. ஒன்றிலிருந்து 'அ', 'அ'விலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து 'ஆ' என்று கோடு இழுத்துக்கொண்டே போக வேண்டும். தாளின் இடது ஓரத்தில் இருந்த ஏழு என்ற எண்ணை மட்டும் கண்டுபிடிக்க நேரமாயிற்று. கழுத்தைத் திருப்பச் சொன்னார். காலைத் தட்டச் சொன்னார். ஐந்து வார்த்தை சொல்லி, அரை மணி கழித்துத் திருப்பிக் கேட்டார். ஐந்தும் சொன்னேன்.

கடைசியில் ஒரு கருவி. கவிழ்த்த கிண்ணத்துக்குள் முகத்தை வைப்பது போல. தாடையை ஊன்றி நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். எங்காவது வெளிச்சப் பொட்டு தெரிந்தால் பொத்தானை அமுக்க வேண்டும். எனக்கு அல்வா மாதிரி. இரண்டு கண்ணுக்கும் செய்துவிட்டு, "எத்தனைக்கு எத்தனை?" என்று கேட்டேன். அந்தப் பெண் அச்சான தாளை என் பக்கம் திருப்பினார். இரண்டு கண்ணிலும் இடது பக்கம் கீழே மை கொட்டினது போல ஒரே கறுப்பு.

"அந்தப் பக்கம் வெளிச்சமே வரலையேம்மா" என்றேன்.

"வந்துச்சு சார். நாப்பத்திரெண்டு தடவை வந்துச்சு."

கருவியில் கோளாறாகத்தான் இருக்க வேண்டும். நரம்பு டாக்டரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாலையில் ஓட்டிக் காட்ட வேண்டும். அதுவரை வண்டியைத் தொடக்கூடாது. உறை போட்டு மூடிவிட்டேன்.

இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் நீங்கள் பெற்ற தாய், உங்களிடம் மறைக்கக்கூடாது. தகவல் கொடுத்தது யார் என்று தெரிந்துவிட்டது. மருமகள்தான். ஜனவரியிலேயே "மாமா, கண் டாக்டர்கிட்ட போகலாமா?" என்று இரண்டு தடவை கேட்டாள். நேருக்கு நேர் கேட்டேன். "சத்தியமா நான் இல்ல மாமா" என்கிறாள். அவள் முகம் சரியாக இல்லை. என் மகன் நடுவில் நின்று முழிக்கிறான். இப்போது நான் தட்டை எடுத்துக்கொண்டு என் அறையில் சாப்பிடுகிறேன். என்னிடம் நேராகச் சொல்லியிருந்தால் நான் என்ன கடித்தா தின்றிருப்பேன்? ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு முதுகுக்குப் பின்னால் எழுதிப் போடுவது எந்த ஊர் நியாயம்?

நீங்கள் அவளிடம் எதுவும் கேட்க வேண்டாம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சம்பந்தி


மார்ச் 17

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

நலம் விசாரித்து எழுதும் தகுதி எனக்கு இன்று இல்லை. எழுதியது நான்தான்.

என் மகளுக்கு இது தெரியாது. அவளிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உங்கள் கோபம் முழுவதும் எனக்குச் சேர வேண்டியது.

டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை. நீங்கள் ஓட்டினீர்கள், நான் பக்கத்தில். குண்டூசி பின்னால் உட்கார்ந்து, ஆடும் பல்லைப் பற்றி ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். பள்ளிக்கு முந்தைய தெருவில், மருந்துக்கடைக்கு எதிரே, பிள்ளைகளைச் சாலை கடக்கவைக்கும் அந்த ஆரஞ்சுச் சட்டைப் பெண்மணி இடது பக்கத்திலிருந்து 'நில்' பலகையை நீட்டிக்கொண்டு இறங்கினார். அவருக்குப் பின்னால் இரண்டு பிள்ளைகள். நீங்கள் வேகத்தைக் குறைக்கவே இல்லை. நான் கத்தினேன். கார் போய்விட்டது. இடது பக்கக் கண்ணாடியில் பலகை பட்டு, கண்ணாடி உள்ளே மடிந்துகொண்டது. நான் திரும்பிப் பார்த்தேன். அவர் இரண்டு பிள்ளைகளையும் பின்னால் தள்ளிக்கொண்டு நின்றிருந்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது கடவுள் புண்ணியம்.

"என்ன சம்பந்தியம்மா, பயந்துட்டீங்களா? கிளை ஏதாச்சும் பட்டிருக்கும்" என்றீர்கள். சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். பொய் சொல்லும் முகம் இல்லை அது. உங்களுக்கு நிஜமாகவே கிளைதான்.

அந்தத் தெருவில் மரமே இல்லை, சம்பந்தி.

அப்போதே வண்டியை நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தாவது உங்களை உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். பெண்ணைக் கொடுத்த வீட்டில் ஒரு மாதம் தங்கிச் சாப்பிட்டுவிட்டு, சம்பந்தி மேல் குறை சொன்னாள் என்று வந்துவிடுமோ, அது நாளைக்கு என் மகள் தலையில் விடியுமோ என்று பயந்தேன். முழங்காலைச் சாக்கிட்டுக் குழந்தையை நடத்திக் கூட்டிப்போனேன். ஊருக்கு வந்ததும் உரிம அலுவலகத்துக்கு எழுதினேன். நாலு தடவை எழுதிக் கிழித்து, ஐந்தாவதைப் போட்டேன். என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அதுவும் கோழைத்தனம்தான்.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. ஆறு வாரம் நான் இங்கே உட்கார்ந்து மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். அங்கே குழந்தை தினமும் அந்தக் காரில் போய்க்கொண்டிருந்தாள். காலை எட்டிலிருந்து எட்டேகால் வரைக்கும் எனக்கு ஒரு வரிகூடப் படிக்க ஓடாது.

நீங்கள் என்னோடு பேசாமல் போனாலும் சரி. என் மகளோடு பேசுங்கள். சாப்பாட்டு மேஜைக்கு வந்து சாப்பிடுங்கள்.

உங்கள் சம்பந்தி


ஏப்ரல் 20

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? என் கடிதம் வந்து சேர்ந்ததா என்றுகூடத் தெரியவில்லை. வரவில்லையென்றால் திரும்ப எழுதத் தயாராக இருக்கிறேன். வந்திருந்தால் பதில் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் போனில் பேசினாள். நீங்கள் இப்போது எல்லோரோடும் சேர்ந்து சாப்பிடுகிறீர்கள் என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

சம்பந்தி


மே 9

மரியாதைக்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் இரண்டு கடிதங்களும் வந்தன. ஏழு வாரம் பதில் போடாமல் இருந்தது மரியாதை இல்லைதான். முதல் பத்து நாள் கோபம். அதற்குப் பிறகு வேறு வேலை இருந்தது.

கோபம் எதற்கு என்று ஒளிக்காமல் சொல்கிறேன். நீங்கள் எழுதிப் போட்டதற்கு இல்லை. 'மரமே இல்லை' என்று எழுதியதற்கு. எனக்கு அந்தக் கிளை நன்றாக நினைவிருந்தது. பச்சை இலையோடு, கண்ணாடிக்கு மேலே உரசிக்கொண்டு போனது. இந்த அம்மாள் என்னைப் பைத்தியக்காரன் ஆக்குகிறாளே என்று ஆத்திரம் வந்தது. நேரில் போய்ப் பார்த்து, அந்த மரத்தை உங்களுக்கு அளந்தே எழுதுவது என்று கிளம்பினேன்.

நடந்தே போனேன். மருந்துக்கடைக்கு எதிரே நின்று அந்தத் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தேன். நாலு விளக்குக் கம்பம். ஒரு தபால் பெட்டி. மருந்துக்கடையின் பெயர்ப்பலகை. அவ்வளவுதான். மறுநாளும் போனேன். ஒருவேளை வெட்டியிருப்பார்களோ என்று நடைபாதையில் அடிக்கட்டையைத் தேடினேன். மூன்றாம் நாள் அந்த ஆரஞ்சுச் சட்டைப் பெண்மணியே கேட்டுவிட்டார்.

"என்ன சார், மூணு நாளா தரையைப் பார்த்துக்கிட்டே நடக்கறீங்க? ஏதாச்சும் தொலைஞ்சு போச்சா?"

"இங்க ஒரு மரம் இருந்துச்சாம்மா?"

"மரமா? பதினோரு வருஷமா இங்கதான் நிக்கறேன். ஒதுங்க ஒரு செடிகூட கிடையாது."

டிசம்பரில் ஏதாவது கார் உங்கள் பலகையில் இடித்ததா என்று கேட்டேன். கேட்கும்போது இல்லை என்று சொல்லிவிட மாட்டாரா என்றுதான் இருந்தது.

"சாம்பல் கலர் காரு. பலகை கையை விட்டுப் பறந்துபோச்சு. மணிக்கட்டு ஒரு மாசம் வீங்கிக் கிடந்துச்சு. நம்பரைப் பார்த்தியான்னு எல்லாரும் கேட்டாங்க. நான் பிள்ளைங்களைப் பிடிப்பேனா, நம்பரைப் படிப்பேனா?"

"அது என் கார்தாம்மா."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நிக்கவே இல்லையே சார்."

"நான் உங்களைப் பார்க்கலம்மா."

"இந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு நிக்கறேன். இதைக்கூடவா?"

"பார்க்கல."

பள்ளிக்கூட மணி அடித்தது. அவர் பலகையை எடுத்துக்கொண்டு போய் ஐந்தாறு தடவை பிள்ளைகளைக் கடக்கவைத்தார். நான் அங்கேயே நின்றேன். திரும்பி வந்து, "இப்ப ஓட்டறீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "சரி" என்றார். மணிக்கட்டைப் பற்றிக் கேட்டேன். சுழற்றிக் காட்டினார். எலும்பில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தோடுதான் வீட்டுக்கு வந்தேன்.

அந்த வாரமே நரம்பு டாக்டரைப் பார்த்தேன். கண்ணில் கோளாறு இல்லையாம். மூளையின் பின்பக்கம் எப்போதோ ஒரு சின்ன அடைப்பு வந்து போயிருக்கிறது. வலியும் இல்லை, மயக்கமும் இல்லை, எனக்கே தெரியாது. இடது பக்கம் கீழ்ப்பகுதி மட்டும் போய்விட்டது. "அப்ப அங்க இருட்டா தெரியணுமே டாக்டர்?" என்றேன். "தெரியாது. மூளை அந்த இடத்தைக் காலியா விடாது. பக்கத்துல இருக்கறதை வச்சு நிரப்பிடும்" என்றார். அளவைத் துறையில் நாங்கள் இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் விஷயம், ஒரு கருவியின் பிழையை அதே கருவியைக்கொண்டு கண்டுபிடிக்க முடியாது என்பது. வேறொன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைக்க வேண்டும். இதை நூறு பேருக்குச் சொன்னவன் நான்.

மருமகளிடம் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். "நீ எழுதலைன்னு தெரிஞ்சுக்கிட்டேன். நான் பேசினது தப்பும்மா" என்றேன். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"நான் எழுதல மாமா. ஆனா எழுதியிருக்கணும்" என்றாள்.

பிறகு சொன்னாள். போன வருஷம் நான் வாசல் கேட் தூணில் காரை இரண்டு தடவை உரசியதிலிருந்தே அவளுக்குச் சந்தேகமாம். குழந்தையின் இருக்கை பின்னால் இடது பக்கம் இருந்தது. அதை வலது பக்கம் மாற்றினாள். வெயில் படுகிறது என்று அப்போது என்னிடம் சொன்னாள். வெயில் ஒன்றும் இல்லை, சம்பந்தியம்மா. இடிபட்டால் இடது பக்கம்தான் இடிபடும் என்று கணக்குப் போட்டு மாற்றியிருக்கிறாள்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"நீங்க மாமா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ராத்திரி படுத்து யோசித்துப் பார்த்தேன். என் கண்ணை நம்பி நான் ஓட்டவில்லை. உங்கள் எல்லோருடைய மரியாதையின் மேல் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

யார் எழுதியது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. உங்களோடு எனக்குக் கோபம் இல்லை. ஆறு வாரத்துக்காக நீங்கள் உங்களையே அடித்துக்கொள்வதையும் நிறுத்துங்கள். முழங்கால் எப்படி இருக்கிறது?

சம்பந்தி


மே 16

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அச்சகத்தில் வைத்துப் படித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்து, பக்கத்து மேஜைக்காரர் கணக்குப் புத்தகம் அவ்வளவு மோசமா என்று கேட்டார்.

முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறேன். கேட்காமலே சொல்கிறேன், கொஞ்சம் தேவலை. டாக்டர் கொடுத்த மாத்திரையை நேரம் தவறாமல் சாப்பிடுகிறீர்களா?

நீங்கள் மறைத்துக் காப்பாற்றியதை நான் அனுபவிப்பது நியாயம் இல்லை என்று தோன்றியது. நேற்று மகளிடம் போனில் சொல்லிவிட்டேன். "தெரியும்மா. நீ முழங்காலை வச்சுக்கிட்டு நடந்து கூட்டிட்டுப் போனப்பவே தெரியும்" என்றாள். அவள் என்னைக் கேட்கவில்லை, நான் அவளிடம் சொல்லவில்லை. அம்மாவும் பெண்ணும் ஒரே அச்சில் வார்த்தவர்கள்.

சாலைச் சோதனைக்கு நீங்கள் போக வேண்டுமா? உரிமத்தை எழுதிக் கொடுத்துவிடலாமே? சொல்ல எனக்கு உரிமை இல்லைதான். ஆனால் இனிமேல் மனசில் வைத்துக்கொள்ளாமல் கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

அன்புடன்,
சம்பந்தி


ஜூன் 28

மரியாதைக்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். எல்லோரும் நலம். மாத்திரை ஒரு வேளைகூடத் தவறவில்லை. மருமகள் நாட்காட்டியில் பெருக்கல் குறி போட்டுக் கணக்கு வைத்திருக்கிறாள். இப்போது என்னை நன்றாக அதட்டுகிறாள். கேட்க நன்றாக இருக்கிறது.

சோதனைக்குப் போனேன். எழுதிக் கொடுத்திருக்கலாம்தான். ஆனால் அளந்து பார்க்காமல் எந்த எல்லையையும் நான் ஒப்புக்கொண்டது கிடையாது. அவர்கள் கார், பரிசோதகர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். அதே பெண்தான். இருபது நிமிஷம் வெண்ணெயாக ஓட்டினேன். சிக்னலில் நின்றேன், வளைவில் விளக்குப் போட்டேன், தலையை இடது பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகு ஒரு சந்துக்குள் திரும்பும்போது வண்டி தானாக நின்றுவிட்டது. அந்தப் பெண்ணின் கால் பிரேக்கில் இருந்தது. என் இடது பக்கம், கதவுக்கு ஒரு முழம் தள்ளி, ஒரு மனிதர் குழந்தை வண்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

"இவரு எங்கேருந்து வந்தாரு?" என்றேன்.

"வரல சார். அங்கயேதான் நின்னுக்கிட்டிருந்தாரு."

அவர் கையை ஆட்டி நன்றி சொல்லிவிட்டுக் கடந்து போனார். நான் நிறுத்தியதாக நினைத்துக்கொண்டார், பாவம். நான் எஞ்சினை அணைத்தேன். "இனிமே நீங்க ஓட்டறீங்களாம்மா?" என்று கேட்டேன். இடம் மாற்றி உட்கார்ந்துகொண்டோம். நல்ல பெண். உரிமத்தைத் திருப்பிக் கொடுக்கும் தாளில் கையெழுத்துப் போட்டேன். மகன் வாசலில் காத்திருந்தான். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் குண்டூசி வந்து, பேருந்தில் போகத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது, நாற்பது வருஷமாகப் போனதில்லை என்றேன். "நான் சொல்லித் தரேன் தாத்தா" என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

இதோடு முடிக்கலாம் என்றிருந்தேன். இன்னொன்று நடந்தது.

போன மாதக் கடைசியில் எதிர்வீட்டுப் பல் டாக்டர் காரைப் பின்னால் எடுத்தார். பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டி வண்டிக்கடியில் மாட்டிக்கொண்டது. அதை இழுத்துக்கொண்டே தெருமுனை வரைக்கும் போனார். தெருவே பார்த்துச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. முன்னாலெல்லாம் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன்.

சொல்ல வேண்டும் என்று அவர் வீட்டுக் கேட் வரைக்கும் போனேன். போய், மழை வருமா என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். அடுத்த நாள் போய்ப் பேப்பர் இரவல் வாங்கிக்கொண்டு வந்தேன். என் வீட்டிலும் அதே பேப்பர் இருந்தது. உட்கார்ந்து உரிம அலுவலகத்துக்கு எழுதிப் பார்த்தேன். இரண்டு வரி எழுதிக் கிழித்தேன். முப்பது வருஷப் பழக்கம், சம்பந்தியம்மா. என் கடைவாய்ப் பல் மூன்றும் அவர் பிடுங்கியது. நீங்கள் நாலு தடவை கிழித்தது எப்படிப்பட்ட வேலை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மூன்றாம் தடவை போய்ச் சொல்லியே விட்டேன். எனக்கு நடந்ததைச் சொன்னேன். ஆரஞ்சுச் சட்டைப் பெண்மணியைப் பற்றிச் சொன்னேன். நீங்களும் ஒரு தடவை சோதித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"உங்களுக்குப் போச்சுன்னா ஊர்ல எல்லாருக்கும் போகணுமா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒன்பது நாள் என் பக்கம் திரும்பவில்லை. நான் வணக்கம் சொன்னால் வானத்தைப் பார்த்தார். அந்த ஒன்பது நாளில், என் ஏழு வாரம் உங்களுக்கு எப்படிப் போயிருக்கும் என்று தினமும் நினைத்துக்கொண்டேன். மன்னியுங்கள்.

நேற்று சாயங்காலம் அவரே வந்தார். காப்பி கொடுத்தேன். குடித்து முடிக்கும்வரை அரசியல் பேசினார். எழுந்திருக்கும் சமயத்தில், எங்கோ பார்த்துக்கொண்டு, "அந்தக் கிண்ணத்துக்குள்ள முகத்தை வச்சு ஏதோ டெஸ்டு பண்ணாங்கன்னீங்களே. அது வலிக்குமா?" என்றார்.

ஆயுசு முழுக்க நாற்காலியில் படுக்கவைத்து எல்லோருக்கும் இதே கேள்விக்குப் பதில் சொன்ன மனிதர் கேட்கிறார். நான் அவர் குரலையே வாங்கிக்கொண்டு, "கொஞ்சம்கூட வலிக்காது டாக்டர்" என்றேன்.

அவர் நம்பவில்லை. ஆனாலும் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மருத்துவமனை போன் நம்பரை என்னிடம் கேட்டு உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். விடுமுறைக்கு நீங்கள் வருவதை எல்லோரும் எதிர்பார்க்கிறோம்.

உங்கள் அன்புள்ள,
சம்பந்தி